தரையில் ஓர் ஆள் நீளம்

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் றோசா என்றொரு பெண் இருந்த வீட்டின் கதையைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, தை மாதம். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிற வீடு. தரையெல்லாம் ஐஸாகக் குளிர, சமைக்கிற குசினிக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் ஓரிடம் மட்டும் இளஞ்சூடாக இருப்பதை றோசாவின் பாதம் கண்டுபிடித்தது. காலால் அளந்து பார்த்தாள். ஒரு முழ அகலம். ஓர் ஆள் நீளம்.

"கீழ பைப் ஏதும் ஓடுதோ?" என்று கணவன் கிருபானந்தனைக் கேட்டாள்.

"குளிருக்குக் கீழ அடிச்ச பஞ்சு அங்க நல்லா இறுகிக் கிடக்கு. கொண்ணன்ர வேலையெல்லோ. சொல்லாமல் கொள்ளாமல் ரொறன்ரோவுக்கு ஓடின மனுசன், உமக்குக் காலாவது சுடட்டும் எண்டு விட்டிட்டுப் போயிருக்கிறார்."

றோசாவின் அண்ணை குணரத்தினம்தான் இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டவர். ஐப்பசியில் கிருபானந்தனோடு சேர்ந்து, தரைக்கடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய மண் பள்ளத்தில், குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு அடித்தார். வேலை முடிந்த அன்று அவள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அண்ணை இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றான் கணவன். மூன்று மாதமாக ஒரு ஃபோன்கூட இல்லை. இப்படியும் ஒரு கூடப்பிறந்தவர் கைவிடுவாரா என்று அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிருபானந்தன் கடைக்குப் போனதும், அலமாரித் தரையில் இருந்த பலகை மூடியைத் தூக்கி, டோர்ச்சோடு இறங்கினாள். ஈர மண் மணமும் எலி மணமும் மூக்கில் ஏற, தன் மூச்சே புகையாகி முகத்தில் படிய, முழங்காலில் ஊர்ந்தாள். தலைக்கு மேலே, மரச்சட்டங்களுக்கிடையில், வரிசை வரிசையாக ரோஸ் நிறப் பஞ்சு. பஞ்சில் கடதாசி ஒட்டிய பக்கம் மேலே, வீட்டுச் சூட்டைப் பார்த்துத்தான் இருக்கவேணும் என்று அண்ணை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்படியே அடித்துமிருந்தார்.

ஒரு வரிசையைத் தவிர.

அங்கே கடதாசி கீழே பார்த்தது. அது அண்ணை அடித்ததல்ல. பஞ்சு வயிறு போலத் தொங்கியது.

கையை வைத்தாள். சூடு. கடதாசி மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது.

"அண்ணை?"

மேலே காலடி. கழற்றாத சப்பாத்துக் காலடி.

"றோசா." கிருபானந்தனின் குரல், பாசமாக. "உம்மை ஆர் அங்க இறங்கச் சொன்னது?"

மூடி விழுந்தது. ஓர் ஆணி. இன்னொரு ஆணி.

கடதாசி கிழிந்தது. பஞ்சு ஒட்டிய ஐந்து விரல்கள் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தன. சின்ன வயதில் றோட்டுக் கடக்கும்போது பிடித்த அதே பிடி. விடவில்லை. மேலே, அந்தச் சூட்டுக்குள், மெல்ல இழுத்தன.

இவ்வளவுதான், செல்லங்களே. உங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாசலால் போய், வாசலாலேயே திரும்பி வரட்டும்.