ஆயிரத்து மூன்று மில்லிமீட்டர்

எல்லம்மாள் மூன்றாவது முறையாகத் துணியைப் பிழிந்தாள். வாளித் தண்ணீர் துருநிறத்தில் கலங்கியது.

"இன்னா சாமி இது? எத்தினி தபா தொடச்சாலும் போவ மாட்டேங்குது. வூட்டுக்குள்ளார தேரு கீரு இஸ்தீங்களா?"

கூடத்தின் சிவப்பு சிமென்ட் தரையில், மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவர்வரை, இணையாக இரண்டு கோடுகள். கஸ்தூரிரங்கன் குனிந்து பார்த்தார். மானாம்பதியில் ரயில் சத்தம்கூடக் கேட்காது. ரயில்வே இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர் அதற்காகவேதான் இங்கே வீடு பார்த்தார்.

பரணிலிருந்து பழைய கேஜை இறக்கினார். தண்டவாளங்களின் இடைவெளியை அளக்கும் இரும்புக்கோல். கோடுகளின் குறுக்கே வைத்தார்.

ஆயிரத்து மூன்று மில்லிமீட்டர்.

"ஏன்னா, ரிட்டையராகி ரெண்டு வருஷமாச்சு. ஆத்துக்குள்ள என்ன இன்ஸ்பெக்‌ஷன்?" மனைவி ஜலஜா சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவர் எழுதிய எண்.

எழுபத்தாறில், ரயில் தடம்புரண்ட ஒரு வளைவில், எரிந்த எண்ணெய் வாடைக்கும் ஓலத்துக்கும் நடுவே, புரண்டு கிடந்த எஞ்சினிலிருந்து பத்தடி தள்ளி அவர் குனிந்து அளந்தபோது ஆயிரத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளிக்குக் கோல் காட்டியது ஆயிரத்து முப்பத்தொன்று. அடியிலிருந்த மரக்கட்டைகள் உளுத்து, தண்டவாளம் விரிந்து, சக்கரம் உள்ளே விழுந்திருந்தது. கட்டைகளை மாற்றச் சொல்லி வந்த கடிதம் மூன்று மாதமாக அவர் மேஜையில்தான் கிடந்தது. இடுப்புவரை இரும்புக்கடியில் சிக்கியிருந்த டிரைவர் ஏசுதாஸ் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு சார் இருக்கு?"

"ஆயிரத்து மூணு. லைன் சரியாத்தான் இருக்கு."

சொன்னபடியே நோட்டிலும் எழுதினார். ஏசுதாஸ் அவரையே பார்த்துக்கொண்டு செத்துப்போனார். பதினோரு சாவுக்கும் டிரைவரின் வேகமே காரணம் என்று விசாரணை முடிந்தது.

மறுநாள் கூடத்தில் அளந்தார். ஆயிரத்துப் பத்து. அதற்கு மறுநாள் ஆயிரத்துப் பதினெட்டு. ஒரு கோடு அசையவில்லை. மற்றது நகர்ந்துகொண்டிருந்தது, மத்தியான வெயிலுக்கு ஜலஜா வெறுந்தரையில் தலைசாய்க்கும் இடத்தை நோக்கி.

"நீ உள்ள படுத்துக்கோயேன்."

"உள்ள புழுங்கறதே. ஏன், இங்க என்ன?"

சொல்லலாம். சொன்னால் ஏசுதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லே."

ஐந்தாம் நாள் மத்தியானம். காற்றில்லை. காக்கைகூடக் கத்தவில்லை. சாப்பிட்ட கையில் எரிந்த எண்ணெய் வாடை. சோப்புப் போட்டுக் கழுவினார். போகவில்லை. கூடத்துக்கு வந்தார்.

ஜலஜா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக்கு அடியில் கோடு.

துரு இல்லை. பளபளத்தது. சக்கரம் தேய்த்த இரும்பின் பளபளப்பு.

மண்டியிட்டார். கேஜை வைத்தார்.

ஆயிரத்து முப்பத்தொன்று.

"எவ்வளவு சார் இருக்கு?"

பின்னாலிருந்து குரல். யோசிப்பதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது.

"ஆயிரத்து மூணு. லைன் சரியாத்தான் இருக்கு."

திரும்பினார். யாருமில்லை. கொல்லையில் எல்லம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும்.

பிறகு அதுவும் நின்றது.

"இன்னா சாமி, தரை ஆடுது?"

ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கேஜ் அவர் உள்ளங்கையில் ரீங்கரித்தது. ஜலஜாவை எழுப்ப வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

ஜன்னலோ கதவோ இல்லாத மேற்குச் சுவரிலிருந்து காற்று வீசியது. ஜலஜாவின் நரைமுடி பறந்தது. அவள் தூக்கத்தில் புன்னகைத்தாள், கழுத்தைக் கோட்டின்மேல் இன்னும் வாகாக வைத்துக்கொண்டாள்.

அந்த முகத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் விழுந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது.