இடப்பக்கக் கடைவாய்ப் பல்

லெனாட் மீன்தலையை இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தான். முள் நறுக்கென்று நொறுங்கிய சத்தத்தில், எதிரே இருந்த கிறகோரியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் மகனுக்குப் பல் இல்லை.

கடலில் காணாமற்போய், செத்தவனென்று தனக்கு வைத்த முப்பத்தோராம் நாள் பூசையன்று இடுப்பில் ஈரச் சாரத்தோடு வாசலில் வந்து நின்றவன் அவன். தாய் மக்டலீன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் கிடந்த மாலையை இழுத்தெறிந்தாள், அவ்வளவுதான்.

கிறகோரி எவரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மகன் கடலுக்குப் போவதற்கு நான்கு நாள் முந்தி அந்தப் பல்லைக் கழற்றியபோதும், நல்ல பல்லை மாறிப் பிடுங்கிப்போட்டீர் என்று டொக்டரோடு சண்டை பிடித்து, பல்லைக் கடதாசியில் சுற்றி வாங்கி வந்தவர். டொக்டர் பொறுமையாகக் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழமையாக இரண்டு வேர், இதற்கு மூன்று. மூன்றாவது மெலிந்து, தூண்டில்போல வளைந்திருந்தது.

"அதிலை பல்லுக் கழட்டினதெல்லோ?" என்றார் கிறகோரி.

"முளைச்சிட்டுது அப்பா," என்றான், மென்றபடி.

"பிள்ளை வந்ததிலையும் உங்களுக்கு ஒரு குறை," என்றாள் மக்டலீன்.

கிறகோரி கை கழுவாமலே எழுந்தார். காலையில் வலையில் ஏறியதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சு விட்டிருக்கவில்லை. யாருடையதோ, பின்னேரம் பூசை வைக்கிற சுவாமியாரிடம் கொடுப்போம் என்று வலைக் கொட்டிலில் சாக்கால் மூடி வைத்திருந்தார். கொட்டிலுக்குள் காய்ந்த பாசியும் டீசலும் கலந்த மணம் கனத்துக் கிடக்க, தகரக் கூரை வெயிலில் முறுகி முறுகிச் சத்தம்போட, குசினி அடுப்படியிலிருந்து அந்த மெல்லும் ஓசை மட்டும் விடாமல் அவர் பின்னாலேயே வந்தது. தூண்டில் முள் வைக்கிற தகரப் பேணியைக் கவிழ்த்து, அன்று வாங்கிவந்து போட்டுவைத்த பல்லை எடுத்தார். சாக்கை விலக்கினார்.

ஒரு கீழ்த்தாடை எலும்பு. இடப்பக்கத்தில் ஒரு பல் இல்லை.

குழி இன்னும் மூடவில்லை. ஒன்று. இரண்டு. உட்புறமாக, சின்னதாக, மூன்று.

பல்லை வைத்தார். ஏறவில்லை. சற்றுச் சரித்தார். வளைந்த வேர் தன் வழியைத் தானே கண்டு இறங்கியது.

டக்.

மெல்லும் ஓசை நின்றது.

ஈரக் காலடி. வாசலில் லெனாட். வாயைக் கையால் பொத்தியிருந்தான். விரலிடுக்கால் தண்ணீர் வடிந்தது. உப்பு மணம்.

"அதைக் கழட்டிவிடுங்கோ அப்பா. நோகுது."

லெனாட் மெல்லக் கையை இறக்கினான். மேல்வரிசைப் பல்லுக்குக் கீழே ஒன்றுமில்லை. நாக்கு மட்டும் தொங்கியது.

"மோனை, விக்கினதே? இந்தா தண்ணி," என்று செம்போடு வந்த மக்டலீன், பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டாள்.

அவன் தாயின் பக்கம் திரும்பினான்.