ஜீப்புக்கு அடியில் ஒரு கண்

"இதைய ரிப்பேர் பண்றதுக்குப் பேசாம எடைக்குப் போட்டுருங்க!"

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்து ஷெட்டில், ஜீப்புக்கு அடியிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. மைதிலிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ...

"ஹலோ... நான் சம்பாதிச்சு வாங்குன வண்டி இது. வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!"

ராசிபுரத்தில் நெசவுக் குடும்பம் அவளுடையது. சனி, ஞாயிறு ஆனால் ஜீப் நிறையச் சேலைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்க் கடை போடுவாள். இன்று முதல் வளைவு வருவதற்குள் காலடியில் 'டொக்... டொக்...' என்று சத்தம். போதாததற்கு மழை வேறு. கண்ணில் பட்ட முதல் ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"பாடியையும் அடியில இருக்கற சேஸ் சட்டத்தையும் சேத்துப் புடிக்கிற போல்ட்டுங்க. மரை சுத்தமா தேஞ்சுருச்சு. பாடி தனியா ஆடுது. இதோட மலை ஏறியிருந்தீங்கன்னா, ஓட்டுனவங்களுக்கு மரை கழண்டுருச்சுன்னு ஊரே பேசியிருக்கும்."

"எனக்கா மரை கழண்டிருக்கு?"

"இன்னும் பாக்கலீங்க. போல்ட்ட மட்டுந்தான் பாத்தேன்."

அடப்பாவி! முகத்தைக்கூடக் காட்டவில்லை, அதற்குள் எத்தனை வாய்! பழைய போல்ட்டைத் துளை போட்டு அவன் எடுத்து முடித்ததும், மைதிலி ஜீப்புக்குள் ஏறி, கால்விரிப்பை விலக்கி, தரையிலிருந்த ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தாள்.

கீழேயிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

ஒற்றைக் கண்... இமையெல்லாம் துருத்தூள்... ஆனாலும் சிரிக்கிற கண். வெளியே மழை கொட்டுகிறது. இவள் நகரவில்லை. அதுவும் நகரவில்லை. ஐயோ, இதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

"கண்ணாடி போட மாட்டீங்களா? கண்ணுல துரு விழுந்தா என்னாகும்?" என்று அதட்டினாள்.

"இது அக்கறைங்களா... அதட்டலுங்களா?"

அவன் பெயர் மோகன்குமார். மல்லசமுத்திரத்துக்காரன். தோட்டம் துரவை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே ஷெட் போட்டவன். "பாடிக்கு அடியில இருக்கற ரப்பரெல்லாம் மாத்தோணுங்க. சொல்லி வெச்சிருக்கேன், வரட்டும்," என்றான். ஜீப் அங்கேயே நின்றது. மைதிலி ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி ஏறி வந்தாள். ஜீப்பைப் பார்க்கத்தான்... அப்படித்தான் வீட்டில் சொன்னாள். டீ வந்தது, கிண்டல் வந்தது, வம்பு வளர்ந்தது. சொல்ல வேண்டியதை மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை. அவன் முதலில் சொல்லட்டுமே என்று இவளுக்கு வீம்பு.

அப்போதுதான் அப்பா குமரகுரு அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஈரோட்டுல நல்ல இடம் சாமி. பொண்ணு ஜீப் ஓட்டுறது மட்டும் வேண்டாங்கறாங்க. வண்டி ரெடியானதும் வித்துரலாம். வாங்க ஆளும் பாத்துட்டேன்."

அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அன்பாகச் சொன்னார்.

அடுத்த முறை அவள் போனபோது ரப்பரெல்லாம் மாட்டியாகிவிட்டது. ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி.

"கூடமாட ஆளில்லீங்க. நீங்க உள்ள உக்காந்து நட்ட ஸ்பேனர்ல அழுத்திக்கோங்க. அது சுத்தக் கூடாது. நான் அடியிலிருந்து போல்ட்ட முறுக்கறேன்."

புது போல்ட் மேலே ஏறியது. ஓட்டை அடைபட்டது. அந்தக் கண் மறைந்தது.

இது இறுகிவிட்டால் வண்டி ரெடி. வண்டி ரெடியானால் விற்றுவிடுவார்கள். அப்புறம் எதைச் சொல்லி இந்தப் பக்கம் வருவது? மைதிலியின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றியது.

"சுத்துதுங்களா?"

"ஆமாங்க... சுத்துது."

"செரி, இன்னொருக்கா பாக்கலாமுங்க."

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை... கீழே சத்தம் நின்றது. போல்ட் மெல்லக் கீழே இறங்கியது. ஓட்டையில் மறுபடியும் அந்தக் கண். இப்போது அது சிரிக்கவில்லை.

"ஏனுங்க... நீங்க ஸ்பேனர அழுத்தவே இல்லீங்க. மொத தடவையே தெரிஞ்சுது."

வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. "தெரிஞ்சுமா திரும்பத் திரும்ப முறுக்குனீங்க?"

"எனக்கு மட்டும் வேலைய முடிக்கோணும்னு ஆசைங்களா? ரப்பரு... போன வாரமே வந்துருச்சுங்க."

திருட்டுப் பயல்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஈரோட்டையும், விற்கப்போகும் ஜீப்பையும் அந்த ஓட்டையிடமே சொல்லி முடித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் நேராக அவன் கண்ணில் போய் விழுந்தது.

"ஆ..."

"அதுக்குத்தான் கண்ணாடி போடுங்கன்னேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்... "வண்டிய விக்காதீங்க மைதிலி. நீங்க இல்லாத நாள்ல இந்த ஷெட்டுல எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. உங்க மேல உசுரா இருக்கேனுங்க. சாதி சனம்னு ரெண்டு ஊட்லயும் சத்தம் போடுவாங்க, போடட்டும். உங்கப்பாகிட்ட நானே வந்து கேக்கறேன். நீங்க சரின்னா போதும்."

மைதிலி போனை எடுத்தாள்.

"அப்பா... வண்டிய விக்கலப்பா. ஈரோட்டுக்காரங்ககிட்டயும் வேண்டாம்னு சொல்லிருங்க. ஏன்னு நேர்ல வந்து சொல்றேன். கூட... ஒருத்தர் வர்றாருப்பா."

தகரக் கூரையில் மழைதான் பேசிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாரோ என்று அவள் பயந்த நேரத்தில் அப்பாவின் குரல் வந்தது.

"மழையா இருக்குது சாமி... வண்டியப் பாத்து ஓட்டிட்டு வா."

மைதிலி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். கீழே பார்த்துச் சொன்னாள்:

"எனக்குச் சரி. போல்ட்ட ஏத்துங்க... அப்பா காத்திருப்பாரு."

"உட்ற மாட்டீங்களே?"

"மாட்டேங்க. முறுக்குங்க."

இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். இந்தத் தடவை நட்டு அசையவில்லை.