கறள் பிடிக்காத காற்று

யன்னல் கம்பிகளில் கறள் இல்லை.

பியோனா கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் டச்பார் கிராமத்தின் மணல் திட்டில் இரும்பு என்று எதை வைத்தாலும் உப்புக்காற்று அதைச் செதில் செதிலாக உரித்துவிடும். நேற்றுவரை விரல் பட்டால் செங்கல் தூள் போலத் துரு ஒட்டிய அதே கம்பிகள் இன்று காலையில் மீன் வயிறு போல வெளுத்து, வழுவழுப்பாக, யாரோ நாக்கால் துடைத்துவிட்டது போல மினுங்கின.

“கிளென், கம்பிய உரஞ்சினீங்களா?”

வீட்டோடு ஒட்டிய பட்டறையில் கேற்றும் கிறிலும் செய்து கொடுப்பது அவள் கணவன் கிளெனின் தொழில். தேநீர்க் கோப்பையோடு வந்து கம்பியைத் தடவிப் பார்த்தான்.

“நான் தொடல்ல. புது இரும்பு மாதிரி இருக்கு,” என்று சிரித்தான். “நமக்கு நல்லதுதானே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போர் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து சூடாக வந்து வாயைக் காயவைக்கும் அந்தக் காற்றின் மேல்தான் ஊர் பழியைப் போட்டது. கொடியில் போட்ட சேலை அவள் திரும்புவதற்குள் மொறுமொறுத்தது. முருங்கை இலைகள் பச்சை மாறாமலே பொடியாக உதிர்ந்தன. பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வடிந்தது. ஆனால் பியோனாவைப் பயமுறுத்தியது வெக்கையல்ல, வாடைதான். வாவிப் பக்கமிருந்து எந்நேரமும் வரும் சேற்று வாடையும், இறால் வாடையும், அழுகிய இலை வாடையும் எங்கோ போய்விட்டிருந்தன, கழுவிய போத்தலுக்குள் மூக்கை வைத்தது போலக் காற்று வெறுமையாக இருந்தது. மாதா சுரூபத்தின் முன் ஏற்றிய மெழுகுதிரி நீலமாகி, குறுகி, அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. குடத்தைத் தூக்கி நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. கிளெனும் சம்மட்டியைப் போட்டுவிட்டு அடிக்கடி சுவரில் சாய்ந்துகொள்வதை அவள் கண்டாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உதயரூபன் வந்தான். பக்கத்து வளவுக்காரன், வாவியில் தோணி விட்டு வலை போடுகிறவன். தோளில் ஒரு சாக்கு. உதடுகள் வெடித்து இரத்தம் கறுத்திருந்தது.

“அண்ணன், இத ஒருக்காப் பாருங்க. அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்க.”

பியோனா கொடுத்த செம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னான். சுனாமிக்குப் பிறகு சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து யாரையும் விடாமல் மூடிவைத்திருந்த வாவியின் தெற்குப் பக்கம் போன கிழமைதான் திறக்கப்பட்டது. இன்று முதல்முறையாகத் தோணியை அங்கே விட்டிருக்கிறான்.

“அங்க தண்ணி இல்ல அண்ணன். தரைதான். பாளம் பாளமா வெடிச்ச தரை. தண்ணிக்குள்ள நிண்ட கண்ணா மரமெல்லாம் கரி மாதிரி நிக்கிது. சுனாமி வந்த வருசம் என்னமோ கறுப்பு உருண்டை ஒண்டு அங்க சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்ததெண்டு அப்பா சொன்னவர். வானத்தால விழுந்ததோ, கடல் கொண்டு வந்ததோ தெரியா. அதுக்கு மறுகா அந்தப் பக்கம் ஆரும் போகல்லதானே. இப்ப அந்த உருண்டை விரிஞ்சு, பிளந்து கிடக்கு. உள்ள ஒண்டும் இல்ல.”

சாக்கைப் பட்டறை மேசையில் கவிழ்த்தான். திரளி மீன்கள் விழுந்தன. விழுந்த சத்தம் விறகு விழுந்த சத்தம். கண்கள் மிளகு போல வற்றியிருந்தன. அவற்றுக்கு நடுவே உள்ளங்கையளவில் வெள்ளை உலோகத்தாலான ஒன்று, நண்டு போல, ஆனால் கண் இல்லாமல், வாய் இல்லாமல், ஊசி ஊசியான கால்களோடு, குப்புறக் கிடந்தது.

கிளென் குனிந்தான். “எங்கயும் ஒட்டின அடையாளம் இல்ல,” என்றான், ஆசையோடு. “ஒரு திருகாணி இல்ல. ஆர் செஞ்சது இத?”

“தொடாதீங்க,” என்றாள் பியோனா.

அவன் தொடவில்லை. உதயரூபன்தான் அதைப் புரட்டிப் போடக் கையை நீட்டினான். அவன் விரல்களில் செம்புத் தண்ணீரின் ஈரம் இருந்தது.

அது பாய்ந்ததை அவள் காணவில்லை. உதயரூபனின் கழுத்தில் அது இருந்ததைத்தான் கண்டாள். கால்கள் முழுதாக உள்ளே இறங்கியிருந்தன. அவன் கத்தவில்லை, கத்துவதற்கு வாயைத் திறந்தான், நாக்கு அவள் கண்முன்னே சுருண்டு கறுத்தது. இளநீரின் அடியை உறிஞ்சும்போது வருமே, அந்தச் சத்தம். கன்னங்கள் உள்ளே விழுந்தன. கண்கள் குழிக்குள் இறங்கின. மேசையைப் பிடித்திருந்த கையின் தோல் எலும்போடு ஒட்டி, நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

கிளென் சம்மட்டியை ஓங்கி அடித்தான். தவறியது. உதயரூபனின் தாடை உடைந்து தொங்கியது, ஒரு துளி இரத்தம் வரவில்லை. இரண்டாவது அடியில் அந்தப் பொருள் நசுங்கி மேசையில் விழுந்து, ஊசிகளை உதறி, நின்றது. உதயரூபனும் விழுந்தான். சருகு விழுந்தது போல.

பியோனா வாந்தியெடுத்தாள். தரையில் விழுந்த ஈரம் விளிம்பிலிருந்து சுருங்கி, சுருங்கி, மறைந்தது.

கிளென் நசுங்கியதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இரும்பு கறள் பிடிக்கிறத்துக்குத் தண்ணி வேணும், பியோனா. உப்பு வேணும். நாம விடுற இந்த மூச்சுக்காத்து வேணும்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். “அந்த உருண்டைக்குள்ள இருந்து வந்ததுகள் எல்லாத்தையும் எடுக்குதுகள். தங்களுக்கு ஒரு ஊர் கட்டுதுகள் போல. ஈரமில்லாத ஊர்.”

“நாம போவோம் கிளென். பாலத்தால டவுனுக்குப் போவோம்.”

“நமக்குள்ளதான் இப்ப ஈரம் இருக்கு,” என்றான் அவன்.

கூரைத் தகரத்தில் ஏதோ நடந்தது.

டிக். டிக் டிக். பிறகு மழை பிடித்தது போல.

கிளென் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்தான். இயந்திரம் இருமியது, அணைந்தது. உதைத்தான். தீப்பொறி பிடிப்பதற்குக் காற்றில் எதுவும் மிச்சமில்லை. வாவிப் பக்க வேலிக்கு மேலாக வெள்ளையாக ஒரு விரிப்பு வழிந்து வந்தது. அது விரிப்பல்ல. ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு.

“ஓடு புள்ள!”

அவன் இரும்புக் கம்பியைத் தூக்கி வீசினான். நாலைந்து தெறித்தன. மற்றவை அவன் காலில் ஏறின. முழங்காலில். தொடையில். கம்பி விழுந்தது.

பியோனா ஓடவில்லை. சம்மட்டி அவள் கைக்கு எப்படி வந்ததென்று தெரியாது. அடித்தாள். அவன் தொடையில் இருந்ததை அடித்தாள். அது நசுங்கியது, உள்ளே எலும்பும் முறிந்தது. அடித்தாள். வயிற்றில் ஒன்று. அடித்தாள். நெஞ்சில் மூன்று. “அடி,” என்றான் கிளென். அல்லது அவள் அப்படி நினைத்தாள். அடித்தாள். விலா எலும்புகள் முருங்கைக்காய் போல முறிந்தன. ஒன்று நசுங்கினால் இரண்டு ஏறின. அவன் கண்கள் அவளைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்க்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. அவன் நெஞ்சு இருந்த இடத்தில் இரும்பும் தோலும் சிப்பித்தூளும் போல ஏதோ கிடந்தது.

அவனைக் கொன்றது அவையா தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்தவை அவன் உடம்பிலேயே மொய்த்திருக்க, சம்மட்டியை விட்டாள். கடல் பக்கம் நடந்தாள். மூச்சு உள்ளே போகவில்லை. நடந்தாள்.

கரையில் ஆட்கள். யாரோ கத்தினார்கள்.

“கடல் உள்ளுக்குப் போகுது! ஓடுங்க! ஓடுங்க!”

ஓடினார்கள். பத்தடி. விழுந்தார்கள். மீன்களைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒரு தாய் தன் குழந்தையின் வாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதற்கு அவளிடமும் ஒன்றும் இல்லை.

பியோனா கடலைப் பார்த்து முழங்காலில் விழுந்தாள். சுனாமி அன்றைக்கும் முதல் அலை வந்து போனதும் கடல் இப்படித்தான் பின்வாங்கியது. பிறகுதான் பெரிய அலை எழுந்தது. அவளுடைய இரண்டு தங்கைகளையும் கொண்டுபோனது அந்த அலைதான்.

“வா,” என்றாள். வாயில் எச்சில் இல்லை. “மாதாவே, அந்தத் தண்ணிய அனுப்பும். வரட்டும்.”

தண்ணீர் நுரை நூலாகத் தெரிந்தது. பிறகு நூலும் தெரியவில்லை. காத்திருந்தாள். இரைச்சல் இல்லை. அலை இல்லை.

கடலின் தரை அடிவானம் வரை வெளுத்து, வெடித்து, காய்ந்து கிடந்தது. அதன்மேல் பனை உயரத்தில், வரிசை வரிசையாக, இன்னும் கட்டி முடியாத எவையோ எழுந்து நின்றன. அவற்றின் காலடியிலிருந்து ஊசிக்கால்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லாமல். விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராக, வயலில் களை எடுப்பது போல, எடுத்துக்கொண்டு.