ஐந்து டின்னும் பின்பக்க எழுத்தும்

2018 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. மிச்சிகன் மாநிலம், ஹேசல் பார்க். பகல் ஒன்றரை மணிக்கு லென் பியாட்டெக் தன் 1969-ஆம் ஆண்டு 'மசில் கார்' எனப்படும் அதிவேகக் காரின் எஞ்சினில் ஐந்து டின் எண்ணெய் ஊற்றினார்.

லென்னிடம் வந்ததிலிருந்து அந்த எஞ்சின் ஒருமுறைகூட உறுமியதில்லை. மூன்று குளிர்காலமாக அதைக் கழற்றி, தேய்த்து, திரும்பப் பூட்டியிருந்தார் லென். அவருடைய மகள் கோராவுக்கு வயது பத்து. அந்த மூன்று வருடமும் நகராத காரின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். மறுநாள் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் பெரிய ஊர்வலம். இன்று எஞ்சின் ஓடினால்தான் நாளை கார் போகும்.

வாசலில் மடக்கு நாற்காலிகள் போட்டு, தெருவே கூடிவிட்டது.

எண்ணெய் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ரூடி மாமா. எஞ்சின் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மஞ்சளும் சிவப்புமாக, அந்தக் காலத்து டின்கள். பார்க்கவே அழகு.

"பழைய காருக்குப் பழைய எண்ணெய்தான்டா லென். எங்கயோ ஒரு கிராமத்து பெட்ரோல் பங்க்ல புடிச்சேன். இது என் அன்பளிப்பு."

எதிர்வீட்டுத் தபால்காரர் டெரல் எட்டிப் பார்த்தார். "டின்ல கெட்டித்தன்மை வெறும் 30-ன்னு இருக்கு. நான் 10W-30 ஊத்துவேன். அதுல W-ன்னா வெயிட்டு."

"வின்டர், அங்கிள். குளிர்ல எப்படி ஓடும்னு சொல்ற எண்" என்றாள் கோரா.

"குளிரா? இது ஆகஸ்ட் மாசம்!" என்றார் ரூடி மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

லென் காரில் ஏறினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. புது கேம் தண்டு. வால்வைத் திறக்கிற தண்டு அது. முதல் இருபது நிமிஷத்துலதான் அதோட தலையெழுத்தே இருக்கு. அதுல தேஞ்சு போச்சுன்னா, மறுபடி முதல்லேருந்து."

மறுபடி என்றால் இன்னொரு குளிர்காலம். கோராவுக்கு அது தெரியும்.

பென்சில் போட்டுவைக்கலாம் என்று அவள் காலி டின் ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தாள். அடியில் எறும்பு அளவு எழுத்துகள்.

'1930-க்குப் பிறகு செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஏற்றதல்ல. பயன்படுத்தினால் எஞ்சின் கெடலாம்.'

கோரா இன்னொரு டின்னைத் திருப்பினாள். அதிலும் அதேதான்.

ரூடி மாமா கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். தெரு முழுக்க எண்ணியது. "மூணு! ரெண்டு!"

"அப்பா! சாவியை எடுப்பா!"

கோரா அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. லென்னின் கை சாவியிலேயே உறைந்தது. "என்னம்மா? எங்கயாவது நெருப்பா?"

அவள் டின்னை நீட்டினாள். டெரல்தான் வாங்கி உரக்கப் படித்தார்.

"1980-ன்னு இருக்கும். சரியாப் பாருடா" என்றார் ரூடி மாமா.

"நீங்களே பாருங்க" என்று டெரல் டின்னை நீட்டினார்.

ரூடி மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்து மாட்டினார். படித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷம்... அஞ்சு டின்னையும் என் கையாலதானே திறந்தேன்? ஒண்ணையாவது திருப்பிப் பாத்தேனா?"

லென் மெதுவாக இறங்கினார். "நானும் பாக்கலையே மாமா" என்றார்.

ரூடி மாமா தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் முதுகு திடீரென்று சின்னதாகிவிட்டது போல கோராவுக்குத் தோன்றியது. ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"எங்க போறீங்க மாமா? புது எண்ணெய் வாங்கக் கடைக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"என்னையா கூப்பிடற? இன்னுமா?"

"அப்பா எண்ணெயை வடிக்கணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மேல்தட்டும் எட்டாது."

அவர் பையில் தன் கார்ச் சாவியைத் தேடினார். "மேல்தட்டு எனக்கு எட்டும்" என்றார்.

கேம் தண்டு வந்த பெட்டியில், எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சொல்லும் ஒரு அட்டை இருந்தது. கோரா அதை எடுத்துக்கொண்டாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க எண்ணெய் பாட்டில்கள். ரூடி மாமா பளபளப்பான ஒன்றை எடுத்தார். எடுத்த வேகத்தில் பின்பக்கம் திருப்பினார். கோரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அட்டையில என்ன போட்டிருக்கு?" என்றார் அவர்.

"துத்தநாகம் நிறைய இருக்கணுமாம். இதுல இருக்கா?"

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் திரும்பினார். "அதுல கம்மிம்மா. துத்தநாகம் புது கார்ல புகையைச் சுத்தம் பண்ற பெட்டியைக் கெடுத்துடும். அதான் கொறச்சுட்டாங்க. உங்களுது மாதிரி பழைய வகை கேமுக்கு அது பத்தாது. தேஞ்சுடும்."

ரூடி மாமாவுக்கு அன்றைக்கு இரண்டாவது அதிர்ச்சி. "கொறச்சுட்டாங்களா? எப்ப?"

"பதினாலு வருஷம் ஆச்சே."

"நான் வேலையிலேருந்து நின்ன வருஷம்" என்றார் அவர். "ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலையே!"

"இப்ப சொல்லிட்டாங்க இல்ல மாமா?" என்றாள் கோரா.

புது கேமின் முதல் ஓட்டத்துக்கென்றே உள்ள எண்ணெய் மேல்தட்டில் இல்லை. கடைசித் தட்டில், தூசிக்குள் இருந்தது. அதை எடுக்க இரண்டு பேருமே மண்டிபோட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் கோரா முன்பக்கம் படித்தாள், அவர் பின்பக்கம் படித்தார். ஐந்துக்கும் அப்படியே. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். இவர்கள் அவசரப்படவில்லை.

லென் அதற்குள் பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றியிருந்தார். புது எண்ணெயை ரூடி மாமாவே ஊற்றினார். கோரா புனலைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு ஐம்பதுக்கு லென் சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. டெரலின் தொப்பி கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. இருபது நிமிடம் எல்லோரும் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இருபது நிமிடமும் எஞ்சின் ஓடியது.

மறுநாள் அந்தக் கார் வுட்வர்ட் சாலையில் பதினாறு மைல் போனது. முன்சீட்டில் கோரா, பின்சீட்டில் ரூடி மாமா. வழியில் ஒரே ஒருமுறைதான் நின்றது, ஐஸ்கிரீம் வாங்க.