சத்தியன் தூக்கிய கால்

கணவாய் ஏற்றத்தின் அடியில் சத்தியன் நின்று முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. அவ்வளவுதான். முதுகில் இருந்த சிப்பாய் அருளானந்துவை இறக்கிக் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. குதிரை சொல்லிவிட்டது.

எல்லை மலைகளில் எதிரி மின்முடக்கியைப் பரப்பியதிலிருந்து அங்கே எந்த இயந்திரமும் ஓடுவதில்லை. பட்டாளம் மறுபடி குதிரையிடம் வந்தது. வந்ததுதான் வந்தது, பழைய குதிரையோடு நிற்கவில்லை. மரபுப் பொறியாளர்கள் நாயின் மோப்பத்தைக் குதிரைக்குள் ஏற்றி ‘ஐயப்புரவி’ என்று ஓர் இனத்தையே உண்டாக்கினார்கள். தப்பியோட நினைக்கிறவனின் வியர்வை மாறுமாம். புரவி அதை மோந்து காலைத் தூக்கும். ஆள் சுடப்படுவான். குதிரைக்கு வெல்லம், கொள்ளு, பண்ணையில் நீண்ட ஓய்வு. அதிகம் பேரைப் பிடித்த குதிரைதான் பொலிகுதிரை. பண்ணைக் குட்டிகளில் பாதி சத்தியனுக்குப் பிறந்தவை.

கர்னல் வேதநாயகம் மட்டும் கோவேறு கழுதையில்தான் வருவார். கேட்டால் முதுகுவலி என்பார்.

எந்தப் பெட்டையோடு எந்தக் குதிரையைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவள் பண்ணை மருத்துவர் தமயந்தி. சத்தியனைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அருளானந்துவை அவளுக்குத் தெரியும். தான் குடிக்கும் முன்னால் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறவன். மனசு கேட்காமல் சிறைக் கொட்டடிக்குப் போனாள்.

“எறங்கும்போது புடிச்சிருந்தா ஒத்துக்கிடுவேன் மேடம்,” என்றான் அவன். “ஊர் நெனப்பு அப்பத்தான வரும். ஏறும்போது மூச்சு வாங்கவே நேரம் பத்தாது.”

அந்தப் பேச்சு அவளை விடவில்லை. பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினாள். பிடிபட்டவர்கள் எல்லாருமே ஏற்றத்தின் அடியில் பிடிபட்டவர்கள். இறக்கத்தில் ஒருவன்கூட இல்லை. ஏற்றத்துக்கு மேலே பீரங்கிப் புகை இருக்கிறது. காலைத் தூக்கிய குதிரை மேலே போக வேண்டாம், வீட்டுக்குத் திரும்பலாம். குதிரைகள் அதைக் கண்டுகொண்டன. நன்றாகப் பொய் சொன்ன குதிரையையே தேடிப் பிடித்து அவள் இனம் பெருக்கியிருக்கிறாள்.

மறுநாள் காலை அருளானந்துவைச் சுடுவதற்கு முன் கர்னலை ஏற்றத்தடிக்கு அழைத்து வந்தாள். சத்தியனின் சேணத்தில் ஆளுயர வைக்கோல் மூட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது. சிப்பாய் ஒருவன் கயிற்றைப் பிடித்து நடத்தினான். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சத்தியன் நின்றது. காலைத் தூக்கியது.

 கர்னலின் முகம் வெளுத்திருந்தது. இதுவரை சுடச் சொன்னவர்களை நினைக்கிறார் என்று தமயந்தி எண்ணினாள். அருளானந்து பிழைத்தான் என்று நம்பினாள்.

“மூட்டையைக் கட்டினது யாரு?” என்றார் கர்னல்.

“நான்தான் சார்.”

“வைக்கோல் அடைச்சது?”

“அதுவும் நான்தான். சார், மூட்டை எங்க ஓடப் போகுது? குதிரை ஏத்தத்துக்குப் பயந்துக்கிட்டு...”

“மூட்டை ஓடாது டாக்டர். ஆனா அதுல உங்க கை வியர்வை இருக்கு. சத்தியன் இதுவரைக்கும் ஒரு தப்பு பண்ணினதில்ல. பண்ணியிருக்கவும் கூடாது.”

கடைசி வார்த்தைகளை அவர் மெல்லத்தான் சொன்னார். தமயந்திக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குள் இரண்டு காவலர்கள் அவளுக்கு இருபுறமும் வந்து நின்றுவிட்டார்கள். கொட்டடியில் அருளானந்துவுக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது.

சிப்பாய் வெல்லக்கட்டியை நீட்டினான். சத்தியன் காலைக் கீழே வைத்து, அதை நிதானமாக மென்று, யாரும் இழுக்காமலே பண்ணைப் பக்கம் திரும்பியது. அதைத் தட்டிக்கொடுக்கக் கர்னல் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கோவேறு கழுதையை நோக்கி நடந்தார்.