இடது துடுப்பின் கோடு

அல்சூர் ஏரியில் மழை தூறிக்கொண்டிருந்தது. விவேக் நகரிலிருந்து நனைந்துகொண்டே வந்த டோரீன், தன் பந்தயப் படகில் எவனோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு கத்தினாள்.

"ஹலோ! யாரு நீங்க? அது என் படகு!"

அவன் பதறி எழுந்தான். படகு ஆடியது... அடுத்த நொடி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கையிலிருந்த பெட்டி மட்டும் தலைக்கு மேலே.

"குணசேகர்... பொம்மசந்திரா கம்பெனியிலிருந்து. சென்சார் மாட்ட கோச் வரச் சொன்னார், மேடம்."

நனைந்த இமைகளுக்குள் அத்தனை அமைதியான கண்கள்... டோரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

துடுப்புகளிலும் அவள் முதுகிலும் சென்சார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் போனில் கோடுகள் எழுந்தன.

"காலால தள்ளி முடிக்கறதுக்குள்ள முதுகு நிமிர்ந்துடுது. கொஞ்சம் பொறுங்க."

'பெரிய இவன்!' என்று முறைத்தாள். ஆனாலும் பொறுத்துப் பார்த்தாள். படகு வழுக்கிக்கொண்டு போனது!

இரண்டு வாரம் கழித்து, பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின் குணசேகர் தயங்கியபடி கேட்டான்.

"கடைசி அரைமணி நேரத்துல இடது துடுப்போட கோடு மட்டும் இறங்குது... தோள் வலிக்குதா?"

அவள் கை தானாக இடது தோளைப் பிடித்தது. அம்மாவுக்குக்கூடத் தெரியாத வலி. மாநில அணித் தேர்வுக்கு ஒன்பதே நாள்.

"கோச்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகும். அதுல பொய் எழுத மாட்டேன். நீங்களே முதல்ல சொல்லிடுங்க."

"எட்டு வருஷமா துடுப்பு போடறேன். ரெண்டு வாரத்துல என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

விருட்டென்று போய்விட்டாள். அதன்பின் அவன் அழைத்தபோதெல்லாம் அவள் போனை எடுக்கவேயில்லை.

வியாழக்கிழமை காலை தலைவாரக் கை எழவில்லை. கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள்... பிறகு கோச்சிடம் தானே போய்ச் சொன்னாள். தசைநார் கிழியத் தொடங்கியிருக்கிறது, இப்போதே ஓய்வெடுத்தால் சரியாகும் என்றார் டாக்டர். தேர்வு கைவிட்டுப் போனது.

தேர்வன்று ஏரிக்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பந்தயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணசேகர் வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

"யாருக்குச் சென்சார் மாட்ட வந்தீங்க?"

"யாருக்குமில்ல. லீவு போட்டேன். இன்னிக்கு நீங்க தனியா இருப்பீங்கன்னு தோணுச்சு..."

அவளுக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

"உங்க மேல கோபம் இன்னும் போகல."

"தெரியும்."

"ஆனா... இன்னிக்கு நான் இங்க வந்ததிலிருந்து உங்களைத்தான் தேடினேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, குணா."

"எனக்கும்தான்" என்றான், வெகு மெதுவாக.

டோரீன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்க. இன்னும் ஒரு ரேஸ் இருக்கு."